நாலாம் நம்பர் நண்டு

ஸ்வேலோத் தீவில் தொண்ணூற்றிரண்டு பேர் இருந்தார்கள். அதில் எண்பத்தொன்பது பேர் டெனிஷ்காரர். மிச்ச மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர்: மரியரட்ணம், அவர் மனைவி மாக்கிரட், மகள் அஜந்தினி.

டென்மார்க்கின் ஒடென்சே நகரிலிருந்து தெற்கே ஒரு மணிநேரம் பஸ்ஸில் வந்து, பிறகு நாற்பது நிமிடம் ஃபெரியில் வந்தால் ஸ்வேலோ. இந்த நாற்பது நிமிடப் பாதையில் மரியரட்ணம் இருபத்தேழு வருடம் கயிறு பிடித்தவர். கரைக்குக் கயிறு எறிவதில் அவர் ஒரேயொரு முறைதான் தவறினார். அதற்குக் காரணம் காற்றுத்தான் என்று கப்டன் பவுல் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தான். அந்தக் காகிதம் இன்னமும் வீட்டில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற வருடமே தீவுச் சங்கம் அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது. கோடை காலத்துச் சனிக்கிழமைகளில் ஃபெரியில் வந்து இறங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தீவைக் காட்டவேண்டும். தேவாலயக் கதவின் திறப்பும் அவர் கைக்கு வந்தது. ஏழு வருடமாக அதைச் செய்து வருகிறார். பதினாறு இடங்கள். வரிசை மாறாது. அவருக்கு முன்னால் ஒருவரும் நடக்கக்கூடாது. தீவில் அவருக்கு நிலபுலம் கிடையாது. குடியிருந்த மஞ்சள் சுவர் வீடுகூடச் சங்கத்தின் வீடுதான். சொந்தமென்று சொல்ல ஒரு பெயர் இருந்தது. 'மரியா சொன்னால் சரி' என்று தீவில் சொல்வார்கள். அந்தப் பெயரில் ஒரு தூசு படவும் அவர் விட்டதில்லை.

ஜூலை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேர ஃபெரியில் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஹ்விடோவ்ரேயிலிருந்து நீக்கிலாஸ் குடும்பம் வந்து இறங்கியது. நீக்கிலாஸ் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் பார்ப்பவர். மன்னார்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். மனைவி திரேசம்மா. மகன் மைக்கல் ஒடென்சேயில் காற்றாலைக் கம்பனி ஒன்றில் எஞ்சினியர். மைக்கலும் அஜந்தினியும் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். ஆனாலும் பெரியவர்கள் வந்து வீடு பார்த்து, ஒரு நேரம் கைநனைத்து, நாள் குறிக்கவேண்டும் அல்லவா? அதற்காக வந்தார்கள். அந்த ஃபெரியில் இரண்டாம் கப்டனாக நின்று அவர்களைக் கொண்டுவந்து சேர்த்ததே அஜந்தினிதான்.

"பொம்பிளைப் பிள்ளை கப்பல் ஓட்டுது. நான் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டு வந்தன்" என்றார் நீக்கிலாஸ், இறங்கியதும் இறங்காததுமாக.

"செபமாலை எந்தக் கப்பலுக்கும் நல்லது" என்றார் மரியரட்ணம். "சாமான்களை மைக்கல் வீட்டை கொண்டுபோகட்டும். நீங்கள் ரெண்டு பேரும் வாருங்கோ. வெளிச்சம் இருக்கேக்கை தீவைப் பாத்திடுவம்."

"தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"பேந்து குடிக்கலாம்."

மேற்கிலிருந்து காற்று. பன்னீர் தெளித்ததுபோல ஒரு தூறல். மரியரட்ணம் முதுகை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். இறக்கை கழற்றிய காற்றாலை, வாத்துக் குளம், மூடிக் கிடந்த பள்ளிக்கூடம், கடைசி ஆசிரியை கிர்ஸ்டனின் வீடு. இப்போது தீவுச் சங்கத்துக்குத் தலைவி அவள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று, வருடம் சொல்லி, கட்டியவன் பெயர் சொல்லி, பிறகுதான் அடுத்ததற்கு நகர்ந்தார்.

"அண்ணை, கொஞ்சம் மெதுவா" என்றார் நீக்கிலாஸ். "இது ஊர் பாக்கிறதோ, சிலுவைப் பாதையோ?"

"சிலுவைப் பாதைக்குப் பதினாலு இடம். இஞ்சை பதினாறு. நடவும்."

தேவாலயத்தைத் திறந்து காட்டினார். வெள்ளைச் சுவர். கூரையிலிருந்து ஒரு சிறு பாய்க்கப்பல் தொங்கியது. கடலில் தப்பி வந்த ஒருவன் நூற்றைம்பது வருடத்துக்கு முன் செய்து கொடுத்தது என்றார்.

"கப்பல் தொங்குது. மாதாவைக் காணேல்லை" என்றாள் திரேசம்மா.

"இவை லூதர் சபை. மாதா சொரூபம் வைக்க மாட்டினம்."

"பேந்தென்னத்துக்கு அண்ணை திறப்பை நீங்கள் வைச்சுக் காவிறீங்கள்?" நீக்கிலாஸ் சிரித்தார். "வழியிலை அந்தக் கடைக்காரி உங்களை மரியா எண்டெல்லோ கூப்பிட்டவள்? பொம்பிளைப் பேர்!"

"அவையின்ரை வாய்க்கு அவ்வளவுதான் வரும். இந்தத் தீவிலை அந்தப் பேரைத் தெரியாத நாயில்லை."

"நாய்க்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம் அண்ணை? மனுசரோடை தமிழ் கதைக்கிறதெண்டா நீங்கள் கடல் கடக்கோணும்."

மரியரட்ணம் அடுத்த இடத்துக்கு நடந்தார். வீதியோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன மேசை. மேசையில் முட்டை, மண் காயாத புது உருளைக்கிழங்கு, ஒரு போத்தல் ஸ்ட்ரோபெரி ஜாம். ஆளில்லை. விலையைப் பக்கத்திலிருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். நீக்கிலாஸ் இடமும் வலமும் பார்த்தார்.

"ஒருத்தரும் காவல் இல்லையோ?"

"காவலோ! தேவாலயத்தைத் தவிர இந்தத் தீவிலை பூட்டெண்டு ஒண்டு இல்லை, நீக்கிலாஸ். வெளியிலை வைச்சது எல்லாம் எடுக்கத்தான் வைச்சது. அந்த மாதிரிச் சனம் இது." இதைச் சொன்னபோது மரியரட்ணத்தின் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னுக்கு வந்தது.

பதினாறாவது இடம் துறைமுகத்தின் மேற்குக் கரை. அங்கே கல்லணைக்குக் கீழே, தண்ணீருக்குள் பாதி மூழ்கியபடி, துளையிட்ட ஒரு மரப்பெட்டி கயிற்றில் கிடக்கும். தீவுப் பிள்ளைகள் கோடை முழுக்க நூலில் சிப்பிச் சதையைக் கட்டி நண்டு பிடித்து அந்தப் பெட்டிக்குள் விடுவார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நண்டோட்டம். பலகையில் நண்டுகளை ஓடவிட்டு, முதலாவதாகத் தண்ணீரில் விழுகிற நண்டுக்குக் கைதட்டி, எல்லாவற்றையும் திரும்பக் கடலில் விட்டுவிடுவார்கள். ஆனால் அன்றைக்குத் தூறல் மழையாகிவிட்டது. திரேசம்மாவின் செருப்புக்குள் தண்ணீர் போய்விட்டது. பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிதானே என்று மரியரட்ணம் பதினாறாவதை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இரவுச் சாப்பாட்டுக்கு மாக்கிரட் புட்டு அவித்து, தட்டைமீனில் புளி விட்டுக் குழம்பு வைத்து, புது உருளைக்கிழங்கைப் பிரட்டி வைத்திருந்தாள். நீக்கிலாஸ் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். சாப்பாட்டில் குறை சொல்லமுடியவில்லை. அதனால் கடலில் குறை சொன்னார்.

"மீன் நல்லம் அக்கா. ஆனா நண்டு இல்லாத கடல் என்ன கடல்?"

"நண்டு இருக்குது" என்றார் மரியரட்ணம். "உள்ளங்கை அளவு. இவங்கள் தின்னமாட்டாங்கள். வலையிலை வந்தாலும் திருப்பி எறிஞ்சு போடுவாங்கள்."

"எறியிறதோ! மகா பாவம் அண்ணை. சின்ன நண்டிலைதான் சாறே இருக்குது."

நாள் பற்றிப் பேசினார்கள். செப்டெம்பர் கடைசிச் சனி என்று ஏறக்குறைய முடிவாயிற்று. மைக்கலும் அஜந்தினியும் டெனிஷில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணி ஃபெரியில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஓகூஸ் நகரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். மரியரட்ணம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். பதினாறாவது இடத்தில் பெட்டியைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் கல்லணை மேலிருந்தே காட்டினார். மாக்கிரட் சங்க மண்டபத்துக்குப் பின்னேரக் கோப்பிக்கான கேக் வெட்டப் போய்விட்டாள். அஜந்தினி கடலில். மைக்கலும் ஒரு சுற்றுப் போய்வருகிறேன் என்று அவளோடு ஃபெரியில் ஏறிவிட்டான். வீட்டில் விருந்தாளிகள் இருவரும் தனியே. விருந்தாளியைத் தனியே விடுவது முறையில்லை என்று மாக்கிரட் சொல்லித்தான் பார்த்தாள். "மூண்டு மணித்தியாலம்தானே" என்றுவிட்டார் மரியரட்ணம்.

பன்னிரண்டரைக்குக் கணவனும் மனைவியும் ஒன்றாகத் திரும்பியபோது படலையிலேயே வாசம் வந்து மறித்தது. வறுத்த மிளகாய்த்தூள், பெருஞ்சீரகம், தேங்காய்ப்பால், அதற்கும் அடியில் கடல். குசினியில் நீக்கிலாஸ் மாக்கிரட்டின் கவசத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

"இண்டைக்கு நீங்கள் எங்கடை விருந்தாளி" என்றார். "கதைக்கக் கூடாது. இருங்கோ அண்ணை. அக்கா, நீங்களும் இருங்கோ. சூட்டோடை சாப்பிடோணும்."

திரேசம்மா சோறு போட்டு, மேலே குழம்பை ஊற்றினாள். மரியரட்ணத்துக்குப் பசி. ஓசையோடு கடித்து ஒரு காலை உறிஞ்சினார். உண்மையைச் சொல்லவேண்டும்: முப்பத்துநாலு வருடத்தில் அப்படி ஒரு நண்டுக்கறி அவர் வாயில் பட்டதில்லை. இரண்டாவது காலையும் உறிஞ்சினார். பிறகு ஓட்டைப் புரட்டினார். ஓட்டின் முதுகில், நகப்பூச்சுச் சிவப்பில், சின்னப் பிள்ளையின் கோணல் எழுத்தில், ஒரு நாலு இருந்தது.

அவர் கை நின்றுவிட்டது.

"நீக்கிலாஸ்" என்றார். "இதை எங்கை எடுத்தனீர்?"

"உங்கை, துறைமுகத்திலை. காலமை நடக்கப் போனன். தண்ணிக்கை ஒரு பெட்டி. முப்பது நண்டு வரும். பூட்டில்லை, ஆளில்லை."

"முதுகிலை நம்பர் போட்டிருந்ததே?"

"கண்டனான். இந்த நாட்டிலை மாட்டுக்கே காதிலை நம்பர் குத்திறவங்கள், நண்டுக்கும் போட்டிருப்பாங்கள் எண்டு நினைச்சன். ஓட்டோடை போட்டாத்தான் ருசி, அதாலை சுரண்டேல்லை."

மாக்கிரட் தன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஐயோ, இது பிள்ளையளின்ரை நண்டு" என்றாள். "ரெண்டு மணிக்கு ஓட்டம்."

என்ன ஓட்டம் என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் பிடித்தது. விளங்கியதும் நீக்கிலாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். திரேசம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரியரட்ணம் சிரிக்கவில்லை.

"எழும்பும். கை கழுவும். என்னோடை வாரும்" என்றார். "பிள்ளையளுக்கு முன்னாலை, தெரியாமல் எடுத்துப் போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். நான் டெனிஷிலை சொல்லுறன், நீர் பக்கத்திலை நிண்டாப் போதும்."

நீக்கிலாஸின் சிரிப்பு நின்றது. "நண்டுக்கு மன்னிப்போ?"

"நண்டுக்கில்லை. எடுத்ததுக்கு."

"கடல்லை கிடந்த நண்டு அண்ணை."

"பெட்டியிலை கிடந்தது."

"பெட்டி கடல்லைதானே கிடந்தது! அதோடை ஆர் சொன்னது, வெளியிலை வைச்சது எல்லாம் எடுக்கத்தான் வைச்சதெண்டு? நானோ? நீங்கள்தானே நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னனீங்கள்? பதினாறு இடம் காட்டிறன் எண்டியள். அந்தப் பெட்டியைக் காட்டினியளோ?"

மரியரட்ணம் காட்டவில்லை. அது உண்மை.

"அறுபத்துநாலு வயசு எனக்கு" என்றார் நீக்கிலாஸ், கவசத்துணியை அவிழ்த்தபடி. "வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு முன்னாலை கள்ளன் மாதிரி நிக்கவோ என்னைக் கூப்பிட்டனீங்கள்? மகனுக்குப் பொம்பிளை பாக்க வந்த இடத்திலை? எங்கடை ஆக்களுக்கு இது எட்டினா, நண்டு களவெடுத்த நீக்கிலாஸ் எண்டு சாகுமட்டும் சொல்லுவாங்கள். நான் வரமாட்டன்."

திரேசம்மா கண்ணைத் துடைத்தாள். இருவரும் ஆசையோடு சமைத்தது மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. மாக்கிரட் கணவனின் கையைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ, விடுங்கோ. பெட்டி திறந்து நண்டெல்லாம் ஓடிட்டுது எண்டு இருக்கட்டும்."

"அதுக்குப் பேர் பொய்."

"அப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

மரியரட்ணம் கை கழுவினார். சட்டையை மாற்றினார். ஒரு வீட்டில் உப்புத் தின்ற விருந்தாளியை அந்த வீட்டுக்காரன் சந்தியில் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அவமானம் வீட்டுக்காரனுக்குத்தான். அவர் வளர்ந்த முறை அது. அதே நேரம், பிள்ளைகளை வெறும் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒளித்திருக்கவும் முடியாது. நடந்து போகும்போதே முடிவு செய்துவிட்டார். 'நான் எடுத்தேன் என்று சொல்வேன். யார் நம்பப் போகிறார்கள்? மரியாவாவது பிள்ளைகளின் நண்டை எடுப்பதாவது என்று கிர்ஸ்டன் முதலில் சொல்வாள். பவுல் சிரிப்பான். பிறகு அவர்களுக்கே விளங்கும், வீட்டுக்கு வந்தவர்கள் தெரியாமல் எடுத்தது என்று. ஒருவர் பெயரும் கெடாது.' அப்படித்தான் கணக்குப் போட்டார்.

துறைமுகத்தில் ஐம்பது பேர் நின்றார்கள். காலையில் அவர் கூட்டிக்கொண்டு திரிந்த பதினெட்டுப் பேரும் நின்றார்கள். பிள்ளைகள் பெட்டியை மேலே இழுத்து வைத்திருந்தார்கள். அதற்குள் கொஞ்சம் கடற்சாதாழைப் பாசி மட்டும் கிடந்தது. சோஃபி என்ற ஏழு வயதுப் பெண் மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்தாள்.

மரியரட்ணம் தொப்பியைக் கழற்றினார். டெனிஷில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நண்டுகளை நான்தான் எடுத்தேன். சமைத்துவிட்டோம். பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

காற்று கொடிக்கயிற்றைக் கம்பத்தில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மரியரட்ணம் காத்திருந்தார். ஒருவன் வாயைத் திறந்து 'நீயா?' என்று கேட்பான் என்று காத்திருந்தார்.

கிர்ஸ்டன் வந்தாள். அவர் முழங்கையில் கை வைத்தாள். வாத்துக் குஞ்சைத் தடவுவதுபோலத் தடவினாள்.

"பரவாயில்லை, மரியா" என்றாள். "நாங்கள்தான் யோசித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது உணவுதானே."

பவுல் தூரத்திலிருந்து, "எனக்கும் ஒரு தட்டு வைத்தாயா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. ஒரு துளி விஷம் இல்லாத சிரிப்பு. ஓகூஸிலிருந்து வந்த ஒரு ஆசிரியை பக்கத்தில் இருந்தவளிடம், சில நாடுகளில் இது சாதாரணம் என்று விளக்கினாள். நண்டுக்குப் பதிலாக மரச்செருப்புகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு ஓட்டம் வைப்போம் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மரியரட்ணம் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சோஃபி என்ற அந்தப் பிள்ளை ஒருத்திதான் அவரை முறைத்தாள். அந்த ஒரு முறைப்பு மட்டும் அவருக்கு மரியாதையாகப் பட்டது.

"என்ன சொல்லிச்சினம்?" என்றாள் மாக்கிரட்.

"மன்னிச்சுப் போட்டினம்."

"அப்பாடா. நல்லதுதானே."

"நல்லதோ?" மரியரட்ணம் மேசையில் அடித்தார். கோப்பைகள் துள்ளின. "நல்லதோ மாக்கிரட்? முப்பத்துநாலு வருசம்! பவுலின்ரை மனிசி செத்த இரவு அவனோடை முழிப்பிருந்தவன் நான். கிர்ஸ்டன் கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை மூண்டு மாசம் அவளின்ரை கோழியளைப் பாத்தனீர் நீர். ஒரு முட்டை, ஒரு முட்டை கூடக் குறையேல்லை. நான் எடுத்தன் எண்டு சொல்லிறன், ஒருத்தன், ஒரே ஒருத்தன், மெய்யோ எண்டு கேக்கேல்லை! கேக்காமலே நம்பிப் போட்டாங்கள். நம்பிறதுக்கு ஒரு நிமிசம் கூடப் போகேல்லை. உங்களுக்கு அது உணவுதானே எண்டாள். உங்களுக்கு! உனக்கு எண்டில்லை, உங்களுக்கெண்டாள். ஆர் அந்த உங்கள்? நான் நேற்று ஃபெரியாலை இறங்கினவனோ?"

நீக்கிலாஸ் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார். பயணப் பெட்டி கட்டியாயிற்று. நாலரை ஃபெரிக்கு ஆயத்தம். நடந்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"அண்ணை, எனக்காக நீங்கள் சொன்னதுக்கு நன்றி" என்றார். "அவங்களும் பெரிசா எடுக்கேல்லைத்தானே. முடிஞ்சுது. விடுங்கோவன்."

"உமக்கு முடிஞ்சுது. எனக்கு இனித்தான்."

"என்ன செய்யப் போறீங்கள்?"

"நான் எடுக்கேல்லை எண்டு சொல்லப் போறன். உம்மடை பேரைச் சொல்லமாட்டன்."

"பேர் சொல்லாட்டி? இந்தத் தீவிலை இண்டைக்கு உங்கடை வீட்டிலை வேறை ஆர் விருந்தாளி?" நீக்கிலாஸின் முகம் கறுத்தது. "ஒரு சட்டி நண்டுக்காகச் சம்மந்தத்தைக் குழப்பப் போறீங்கள்."

"குழப்பிறது நானில்லை. ரெண்டு மணிக்கு நீர் என்னோடை வந்திருந்தா, இப்ப ரெண்டு பேரும் கோப்பி குடிச்சுக்கொண்டிருப்பம்."

மூன்றே முக்காலுக்கு ஃபெரி வந்து கட்டியது. அஜந்தினி சீருடையோடு வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் மைக்கல். அவள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அக்கரை வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்தது. முதலில் டெனிஷில் பொரிந்தாள். பிறகு தாய்க்காகத் தமிழுக்கு வந்தாள்.

"அப்பா, கப்பலிலை எல்லாரும் சிரிக்கினம். உன்ரை அப்பா பந்தயக் குதிரையளைத் திண்டிட்டாராம் எண்டு என்னட்டைச் சொல்லினம். நான் சொன்னன், என்ரை அப்பா அப்படிச் செய்யமாட்டார் எண்டு. இல்லை, அவரே சொன்னவர் எண்டினம். ஏன் பொய் சொன்னீங்கள்?"

மரியரட்ணம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு முழுவதும் அவர் கேட்கக் காத்திருந்த சொல் அதுதான். அதைச் சொல்வதற்கு அவர் பெற்ற பிள்ளை வேண்டியிருந்தது.

நீக்கிலாஸ் தரையைப் பார்த்தார். மைக்கல் தகப்பனிடம், "பப்பா, நீங்களோ?" என்றான். தகப்பன் குனிந்து பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தார். "வாங்கோ, ஒருக்கா மண்டபத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வருவம். ஒரு நிமிச வேலை" என்றான்.

"நீ என்ரை மகனோ, அவரின்ரை மருமகனோ?"

"செப்டெம்பரிலையிருந்து ரெண்டும்."

"அதை இனித்தான் பாக்கோணும்" என்று நீக்கிலாஸ் பெட்டியைத் தூக்கினார். திரேசம்மா மாக்கிரட்டைக் கட்டிப்பிடித்துவிட்டு, குசினிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் பின்னால் போனாள். மைக்கல் அவர்களோடு ஃபெரி ஏறவில்லை. நாலரை ஃபெரியை அஜந்தினிதான் ஓட்டவேண்டும். நீக்கிலாஸ் அவள் ஓட்டிய கப்பலிலேதான் திரும்பிப் போகவேண்டியிருந்தது. அவரைப் படியேற்றிவிட்டு, "மெதுவா, வழுக்கும் மாமா" என்று மட்டும் அவள் சொன்னதாக, துறைமுகம் வரை கூடப் போய்வந்த மைக்கல் பிறகு சொன்னான்.

ஐந்து மணிக்குச் சங்க மண்டபத்தில் கோப்பி. நீள மேசைகள், காகித விரிப்பு, மாக்கிரட் காலையில் வெட்டி வைத்த ருபார்ப் கேக். வெற்றி பெற்ற மரச்செருப்புக்குப் பரிசு கொடுத்து முடிந்திருந்தது. மரியரட்ணம் உள்ளே வந்தார். மாக்கிரட் பக்கத்தில் வந்தாள். வரவேண்டாம் என்று அவர் சொல்லியும் வந்தாள்.

"வா மரியா, இரு" என்று கிர்ஸ்டன் ஒரு கதிரையை இழுத்தாள். "கோப்பி சூடாக இருக்கிறது."

"நான் நிற்கிறேன்" என்றார் மரியரட்ணம். "இரண்டு மணிக்கு என்னிடம் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை. அதை இப்போது நீங்கள் கேட்கவேண்டும், அதற்காக வந்திருக்கிறேன்."

கரண்டிச் சத்தங்கள் குறைந்தன.

"என்ன கேட்க?" என்றாள் கிர்ஸ்டன். "நீ வந்தாய், எடுத்தேன் என்று சொன்னாய். நாங்கள் ஒருவரும் கோபிக்கவில்லையே."

"கோபித்திருக்கலாம். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பவுல், 'கப்பல் பணத்தைக் கையாடினேன்' என்று நீ இந்த மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னால் நான் என்ன செய்வேன்?"

பவுல் யோசித்தான். "எனக்கு மூளை பிசகிவிட்டதா என்று கேட்பாய்."

"கேட்பேன். நம்பமாட்டேன். உன் கையை நான் இருபத்தேழு வருடம் பார்த்திருக்கிறேன். என் கையை நீங்கள் முப்பத்துநாலு வருடம் பார்த்தீர்கள்."

"மரியா, நண்டுதானே" என்றது ஒரு குரல்.

"நண்டு பிள்ளைகளுடையது" என்றார் அவர். "பெயர் என்னுடையது."

பவுலுக்கு விளங்கிவிட்டது. வலிக்கிற முழங்காலோடு எழும்பி, தொண்டையைச் செருமினான். "சரி. நான் கேட்கிறேன். மரியா, நீ..."

"நீ இல்லை, பவுல்." மரியரட்ணம் கையை உயர்த்தினார். "என்னை மன்னித்தவள் கேட்கட்டும்."

எல்லோரும் கிர்ஸ்டனைப் பார்த்தார்கள். கழுத்திலிருந்து நெற்றி வரை அவள் சிவந்தாள். நாற்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்ட வாய் அது. கோப்பையை வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் தயங்கிய அந்த நேரத்துக்குள் மாக்கிரட் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். 'வாங்கோ போவம்' என்று தமிழில் முணுமுணுத்தாள். மரியரட்ணம் அசையவில்லை.

கிர்ஸ்டன் எழுந்து நின்றாள்.

"நீ எங்களுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை" என்றாள் மெல்ல. "அதனால்தான் நம்பினேன் என்று சொல்லலாம். ஆனால் அதற்காக மட்டும் நம்பவில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "மரியா. பிள்ளைகளின் நண்டுகளை நீயா எடுத்தாய்?"

"இல்லை" என்றார் மரியரட்ணம். "நான் எடுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தவர் தெரியாமல் எடுத்தார். அந்தப் பெட்டியை அவருக்கு நான் காட்டாமல் விட்டேன். அது என் பிழை. இரண்டு கால் நான் சாப்பிட்டேன். அதுவும் என் பிழை. இவ்வளவுதான்."

யாரும் அவர் முழங்கையைத் தடவவில்லை. யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கிர்ஸ்டன் தலையை ஒரு முறை ஆட்டினாள், பதிலை ஏற்றுக்கொண்டதுபோல. அவள் முகத்தில் கோபமும் இருந்தது, வெட்கமும் இருந்தது. அவள் கோபத்தைக் கண்டதும் மரியரட்ணத்துக்குத் தோள் கொஞ்சம் இறங்கியது. சமமான ஆளோடுதான் கோபிப்பார்கள்.

அவர் மாக்கிரட்டுக்கு ஒரு கதிரையை இழுத்துக் கொடுத்தார். பிறகு தனக்கு ஒன்றை இழுத்து, முதுகு சாயாமல் இருந்தார்.